'மறுபடியும் முதல்ல இருந்தா?': ஸ்பைடர்மேன் ரீபூட்களை விற்ற கதை

வருசநாட்டு மலையடிவாரத்தில் இருக்கும் மயிலாடும்பாறைக்கு ஒரு ஹாலிவுட் ட்ரெய்லர் வந்து சேர ஒரு நொடி போதும். மொபைலில் தமிழிலேயே ஓடும். படத்தைப் பெரிய திரையில் பார்க்க வேண்டும் என்றால் கதையே வேறு. கடமலைக்குண்டு, கண்டமனூர் வழியாகத் தேனிப் பக்கம் பஸ் ஏற வேண்டும். டிக்கெட், பஸ், டீ, பப்ஸ் என்று பர்ஸ் இளைக்கும். அரை நாள் காலி. 'கொஞ்சம் பொறுத்தா ஓடிடியில வந்துரப் போகுது' என்ற எண்ணம் வேறு.

இப்படிப்பட்ட ரசிகரிடம், அவர் ஏற்கெனவே பார்த்துப் பழகிய ஹீரோவையே நடிகரை மாற்றி விற்க வேண்டும். ரீபூட் மார்க்கெட்டிங்கின் சவால் இதுதான்.

ரீபூட் என்றால் என்ன?

சீக்வலில் பழைய கதை தொடரும். ரீமேக்கில் பழைய கதையே திரும்ப வரும். ரீபூட்டில் ஹீரோவின் பெயரும் உடையும் பழசு. நடிகரும் கதையும் புதுசு. ஹீரோ யார் என்று விளக்க விளம்பரச் செலவு தேவையில்லை என்பது இதில் லாபம். 'இதைத்தான் பார்த்துட்டோமே' என்று ரசிகர் நகர்ந்துவிடலாம் என்பது ஆபத்து. ஸ்பைடர்மேன் இரண்டையும் சந்தித்தவர்.

2012: அவசரம்

டோபி மாக்வயர் நடித்த மூன்று படங்கள் 2002, 2004, 2007-இல் வந்தன. அடுத்த ஐந்தே ஆண்டுகளில் ஆண்ட்ரூ கார்ஃபீல்டுடன் 'தி அமேஸிங் ஸ்பைடர்மேன்' வந்தது. 'இதுவரை சொல்லப்படாத கதை' என்றது விளம்பரம். படத்திலோ மறுபடியும் சிலந்திக் கடி, மறுபடியும் மாமா பென்னின் மரணம். இர்ஃபான் கான் நடித்திருந்தார். அமெரிக்காவுக்கு முன்பே, ஜூன் 29 அன்று இந்தியாவில் ரிலீஸ் செய்தார்கள். ஆனாலும் 2007-இல் சுமார் 89 கோடி டாலராக இருந்த உலக வசூல் 75 கோடிக்கு இறங்கியது. 2014-இல் வந்த இரண்டாம் பாகம் சுமார் 70 கோடியில் நின்றது.

2016: முதலில் அறிமுகம், அப்புறம்தான் படம்

2015-இல் சோனி நிறுவனம் மார்வெலுடன் கைகோத்தது. புது ஸ்பைடர்மேன் டாம் ஹாலண்ட், 2016-இல் 'கேப்டன் அமெரிக்கா: சிவில் வார்' படத்தில் சில காட்சிகளில் தலைகாட்டினார். நம்மூரில் பெரிய ஹீரோ படத்தில் புது நடிகர் கெஸ்ட் ரோலில் வந்து கைதட்டல் வாங்குவது போலத்தான். 2017-இல் அவருடைய தனிப்படமான 'ஹோம்கமிங்' வந்தபோது போஸ்டரில் அயர்ன்மேனும் இருந்தார். சிலந்தி கடித்த கதையைப் படம் மறுபடி காட்டவே இல்லை. வசூல் 88 கோடி டாலர்.

2021: காட்டாமல் விற்பது

'நோ வே ஹோம்' படத்தில் பழைய இரண்டு ஸ்பைடர்மேன்களும் வருகிறார்களா என்பதுதான் அப்போது எல்லோருடைய கேள்வியும். பேட்டிகளில் கார்ஃபீல்டு மறுத்துக்கொண்டே இருந்தார். ட்ரெய்லரிலும் இருவரையும் காட்டவில்லை. முதல் ட்ரெய்லரை 24 மணி நேரத்தில் 35.5 கோடி முறை பார்த்தார்கள். இந்தியாவில் தமிழ் உட்படப் பல மொழிகளில், அமெரிக்காவுக்கு ஒரு நாள் முன்பே, டிசம்பர் 16 அன்று ரிலீஸ். யாராவது சஸ்பென்ஸை உடைப்பதற்குள் பார்த்துவிட வேண்டும் என்ற பயமே டிக்கெட்டை விற்றது. உலக வசூல் 190 கோடி டாலரைத் தாண்டியது. ஓரங்கட்டிய பழைய ஹீரோக்களே புதுப் படத்தின் பலமானார்கள்.

தமிழில் குரலும் முகம்தான்

டப்பிங்கில் பார்ப்பவருக்கு ஹீரோ என்றால் அந்தக் குரலும் சேர்த்துத்தான். ரீபூட் அல்லாத 'அவெஞ்சர்ஸ்: எண்ட்கேம்' (2019) இதைக் காட்டியது. தமிழில் அயர்ன்மேனுக்கு விஜய் சேதுபதி குரல், ஏ.ஆர்.முருகதாஸ் வசனம், விளம்பரத்துக்கு ஏ.ஆர்.ரஹ்மான் பாடல். செய்தி பரவியது. ஆனால், பழைய குரலுக்குப் பழகிய ரசிகர்கள் 'இது நம்ம அயர்ன்மேன் மாதிரி இல்லையே' என்று சமூக வலைதளங்களில் புலம்பினார்கள். திரையில் நடிகர் மாறவில்லை; அவர்களைப் பொறுத்தவரை ஹீரோ மாறிவிட்டார். ஸ்டார் குரல் தலைப்புச் செய்தியைத் தரும். பல படங்களாகச் சேர்ந்த நெருக்கத்தை அதனால் ஒரே நாளில் தர முடியாது.

2025 ஜூலையில் தமிழிலும் வந்த 'சூப்பர்மேன்' ரீபூட், கிரிப்டான் கிரகம் அழிந்த கதையிலிருந்து தொடங்கவில்லை. ஹீரோ ஏற்கெனவே ஊரறிந்தவர் என்றே படம் ஆரம்பித்தது. அதன் டீசரில் முன்னால் ஓடி வந்தது கிரிப்டோ என்ற நாய்.

2012-இல் பட்ட அடி சொல்லிக்கொடுத்த பாடம் இது: தெரிந்த கதைக்கு யாரும் இரண்டாவது முறை காசு கொடுப்பதில்லை. அடுத்த ரீபூட் ட்ரெய்லர் மொபைலுக்கு வரும்போது, அதில் புதிதாக என்ன இருக்கிறது என்று தேடிப் பார்க்கலாம். ஒன்றும் இல்லையென்றால், மயிலாடும்பாறைக்காரர் தேனி பஸ்ஸை விட்டுவிட்டு ஓடிடிக்குக் காத்திருப்பதில் தப்பில்லை.