அரச காணியிற் பொன்

ஐக்கிய அமெரிக்காவின் மேற்குப் பகுதியிலே, சுரங்கத்துக்குத் திறந்துள்ள அரச காணியிற் பொன் கண்டவர் எல்லைக்கட்டை நாட்டிப் பதிவுசெய்து உரிமை கோரலாம். 1872ஆம் ஆண்டுச் சுரங்கச் சட்டம் அளித்த உரிமை அது; இன்றும் செல்லும். ஆயின் உரிமை வேறு, தோண்ட அநுமதி வேறு.

காணி நிருவாகப் பணியகத்தின் நிலத்தில், 5 ஏக்கருக்கு மேற்படாமற் பொன்னைத் தேடிப் பார்ப்பதாயின், அறிவித்தல் கொடுத்து, பிணை வைத்து, 15 நாள் காத்திருந்தாற் பெரும்பாலும் போதும். பொறிகொண்டு அகழ்ந்தெடுப்பதாயின், கம்பனி எத்துணைச் சிறிதாயினும், முழுத் திட்டமும் சமர்ப்பித்தல் வேண்டும். 1970இல் நடைமுறைக்கு வந்த சுற்றாடற் சட்டத்தின்படி நீர், காட்டு விலங்கு, தொன்மைச் சின்னம் யாவும் ஆராயப்படும். இதற்கு ஆண்டுக்கணக்காகலாம். அதுவரை ஒரு சதமேனும் வருமானம் இல்லை. கடன் கொடுத்தவரோ காத்திரார்.

யாவற்றினும் பாரமானது பிணைப்பணம்: நிலத்தை மீளச் சீர்ப்படுத்த ஆகும் முழுச் செலவுக்கும் முன்னரே ஈடு வைத்தல். இதனை வீண் கெடுபிடி என்று தள்ளவும் இயலாது. மொன்டானாவில், சோட்மன், லண்டஸ்கி என்னும் சுரங்கங்களை நடத்திய பெருங்கம்பனி 1998இல் வங்குரோத்தடைந்தது. வைத்திருந்த பிணை போதவில்லை. அமில நீரைச் சுத்திகரிக்கும் செலவு பொதுப்பணத்தின்மேல் விழுந்தது. 2001இல் விதி இறுக்கப்பட்டபோது சிறு கம்பனிக்கும் விலக்கில்லாது போயிற்று.