சூப்பர்சார்ஜரும் சூடும்

சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பாகம் சுடுவதை உணர்ந்திருப்பீர்கள். காரின் சூப்பர்சார்ஜரும் எஞ்சினால் சுழற்றப்படும் ஒரு காற்றுப் பம்பே. 30 டிகிரி சென்டிகிரேடு காற்றை அது ஒன்றரை மடங்கு அழுத்தத்திற்கு உயர்த்தினால், கணக்குப்படி வெப்பநிலை 67 டிகிரியாகும். நடைமுறையில் 90 டிகிரியையும் எட்டும்.

சாலையில் முழுத் திறன் சில நொடிகளுக்கே தேவைப்படுவதால் தொல்லையில்லை. சொந்தக் காரைப் பந்தயத் தடத்தில் ஓட்டிப் பார்ப்போருக்கோ சுற்றுக்குச் சுற்று வெப்பம் சேர்கிறது. மிகச் சூடான கலவை, தீப்பொறியின் சுவாலை வந்து சேருமுன் தானாகவே வெடித்துப் பிஸ்டனை உடைத்துவிடக்கூடும். ஆகவே காரிலுள்ள கணிப்பொறி தீப்பொறியைத் தாமதப்படுத்தித் திறனைக் குறைத்துவிடும். 2015 மாடல் கார்வெட் இசட்06 (650 குதிரைத்திறன்!) தடத்தில் சூடேறித் திணறுவதாக அமெரிக்காவில் பலர் முறையிட்டனர், 2017 மாடலில் எஞ்சின் மூடியின் காற்றுவழிகள் பெரிதாக்கப்பட்டன.

அழுத்திய காற்றை இண்டர்கூலரில் குளிர்வித்தே எஞ்சினுக்குள் விடுகிறார்கள். பல கார்களில் நீர்தான் அவ்வெப்பத்தை முன்புற ரேடியேட்டருக்குச் சுமந்து செல்கிறது. நீரின் அளவைக் கூட்டினால் சூடேறுவது தாமதப்படும், அவ்வளவே. வெப்பத்தை வெளியேற்றுபவை ரேடியேட்டரின் பரப்பும் அதனூடே பாயும் காற்றுமாகும். வேகச் சுற்றுகள் முடிந்ததும் எஞ்சினை உடனே நிறுத்தலாகாது. ஒரு சுற்று மெதுவாக ஓட்ட வேண்டும். நிறுத்தினால் நீரோட்டம் நின்று, உலோகத்திலுள்ள வெப்பம் முழுதும் அசையாத நீரில் இறங்கும்.