உள்ளங்கையில் ஒரு கணனி

கணனி என்றதும் மேசையை அடைத்து நிற்கும் பெரிய பெட்டியே எம்மில் பலருக்கு நினைவுக்கு வருகின்றது. மின்சாரம் இல்லாத வீட்டில் அதற்கு என்ன வேலை என்று நாமும் கேட்டதுண்டு. ஆனால், நெருப்புப்பெட்டியை விடச் சற்று நீளமான ஒரு பலகையே இன்று முழுக் கணனியாக இயங்குகின்றது. இதனால் எமக்கு என்ன பயன்? வாங்குமுன் எதைக் கவனிக்க வேண்டும்?

கணனிப் பெட்டியைத் திறந்தால், கணக்கிடும் சில்லு, நினைவகம், இணைப்புகள் யாவும் பொருந்திய அகன்ற பலகையொன்றைக் காணலாம். இதுவே தாய்ப்பலகை. 1995இல் இன்டெல் நிறுவனம் வகுத்த அளவின்படி, இது ஏறத்தாழ 30 சென்ரிமீற்றர் நீளமும் 24 சென்ரிமீற்றர் அகலமும் உடையது. 2001இல் தாய்வானின் வியா நிறுவனம், பக்கம் 17 சென்ரிமீற்றரான சதுரப் பலகையை அறிமுகப்படுத்தியது. 2007இல் அதே நிறுவனம் 10 சென்ரிமீற்றர் நீளமும் 7.2 சென்ரிமீற்றர் அகலமும் கொண்ட பலகையை வெளியிட்டது.

பல சில்லுகள் செய்த வேலையை ஒரே சில்லு செய்யத் தொடங்கியதே இதற்குக் காரணம். மின்சாரம் குறைவாகச் செலவானால் சூடும் குறையும், மின்விசிறியும் தேவைப்படாது. ஆகவே, அளவு குறைந்ததைவிட மின்செலவு குறைந்ததே எமக்குப் பெரிய நன்மை.

பிள்ளைகள் கணனிக்குக் கட்டளை எழுதப் பழகட்டும் என்று இங்கிலாந்தின் கேம்பிறிட்ஜ் நகரில் உருவாக்கப்பட்ட றாஸ்பெரி பை, 2012 பெப்ரவரியில் 35 டொலருக்கு விற்பனைக்கு வந்தது. அதற்கு 5 வோல்ற் மின்சாரமும் மூன்றரை வாற்று வலுவும் போதும். சூரியப் படலும் பற்றறியும் இருந்தால் அதனை இயக்கலாம். 2015 நவம்பரில் வந்த இதன் சிறிய வடிவத்தின் விலை அப்போது 5 டொலராகவே இருந்தது. ஒரு சஞ்சிகையின் அட்டையில் ஒட்டி, வாசகருக்கு இலவசமாகவும் கொடுத்தார்கள்!

இப்பலகையின் ஓரத்தில் உள்ள இணைப்புகளில் மண்ணின் ஈரத்தை அறியும் கருவியைப் பொருத்தலாம். மண் காய்ந்ததும் பலகை ஓர் ஆளியை இயக்கும். ஆளி நீரிறைக்கும் இயந்திரத்தைத் தொடக்கும். இயந்திரத்துக்கான மின்சாரம் வேறாகவே வர வேண்டும். பலகை செய்வது காவற்காரனின் வேலை மட்டுமே.

குறையும் உண்டு. பழைய வானொலியில் எரிந்த பாகத்தைக் கழற்றி வேறொன்றைப் பூட்டினோம். இங்கு சில்லும் நினைவகமும் பலகையோடு பற்றவைக்கப்பட்டுள்ளன. ஒன்று பழுதானால், பெரும்பாலும் முழுப் பலகையையும் மாற்ற நேரும். எழுதப்பட்ட கட்டளைகள் யாவும் நகமளவு அட்டையொன்றில் இருப்பதால், திடீரென மின்சாரம் நின்றால் அவை சிதையவும் கூடும்.

எனவே, இத்தகைய கருவியை யாராவது எமது ஊருக்குக் கொண்டுவந்தால் மூன்று கேள்விகளைக் கேட்போம். எமது பற்றறி இதற்குப் போதுமா? பழுதானால் மாற்றுப் பலகை எங்கே கிடைக்கும், என்ன விலை? அட்டையின் பிரதியொன்றை எம்மிடம் தருவீர்களா?

வேறிடம் செல்ல நேர்ந்தாலும் இப்பலகையைச் சட்டைப்பையில் எடுத்துச் செல்லலாம். ஆனால், அதனை இயக்கத் தெரிந்தவர் எம்மிடையே இருந்தால்தான் போகும் இடத்திலும் அது பயன் தரும். ஆகவே, கருவி வரும்போதே எமது பிள்ளைகளில் இருவராவது அதனைப் பழகட்டும்.