முகமூடிக்குப் பின்னால் ஒரு முகம்

மாணவர்களே! படக்கதைகளில் வரும் சாகச நாயகர்கள் வானில் பறப்பார்கள். பாய்ந்துவரும் வண்டியையும் ஒரு கையால் நிறுத்துவார்கள். மற்ற நேரங்களில் அவர்கள் என்ன செய்வார்கள் என்று எண்ணிப் பார்த்ததுண்டா?

அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில் ஒரே பள்ளியில் பயின்ற நண்பர்கள் ஜெர்ரி சீகல், ஜோ ஷூஸ்டர். இருவரின் பெற்றோரும் ஐரோப்பாவிலிருந்து குடிபெயர்ந்த யூதர்கள். சீகல் கதை எழுத, ஷூஸ்டர் படம் வரைய, 1938ஆம் ஆண்டில் சூப்பர்மேன் தோன்றினான். அழிந்துபோன கிரிப்டான் என்னும் கோளிலிருந்து குழந்தையாகப் பூமிக்கு வந்தவன் அவன். பெற்றோர் இட்ட பெயர் கால்-எல். வளர்த்தோர் சூட்டிய பெயர் கிளார்க் கென்ட். நகரத்தில் அவன் செய்தித்தாள் நிருபர். மூக்குக்கண்ணாடி அணிந்து கூச்சத்துடன் பேசுபவன். உடன் பணிபுரியும் லோயிஸ் லேன் சூப்பர்மேனைக் கண்டு வியப்பாள், கிளார்க்கையோ பொருட்படுத்தமாட்டாள்.

ஸ்டான் லீ, ஸ்டீவ் டிட்கோ இருவரும் 1962இல் படைத்த ஸ்பைடர்மேனின் நிலை இன்னும் கடினமானது. அவன் பீட்டர் பார்க்கர் என்னும் பள்ளி மாணவன். பெற்றோரை இழந்த அவனைப் பெரியப்பா பென்னும் பெரியம்மா மேயும் வளர்த்தனர். ஒருநாள் தன் கண்முன் ஓடிய திருடனைப் பீட்டர் தடுக்காமல் விட்டான். அத்திருடனே பின்னர்ப் பெரியப்பாவின் உயிரைப் பறித்தான். அதன்பின் வீட்டுச் செலவுக்காக, ஸ்பைடர்மேனாகத் தன்னையே படமெடுத்துப் பீட்டர் செய்தித்தாளுக்கு விற்றான். அச்செய்தித்தாளோ ஸ்பைடர்மேனைத் தீயவன் என்றே தூற்றியது!

1997இல் தூர்தர்ஷனில் தொடங்கிய ‘சக்திமான்’ தொடரின் நாயகனும் கங்காதர் என்னும் பெயரில் செய்தித்தாள் புகைப்படக்காரனாகவே வாழ்ந்தான்.

ஏன் இந்த மறைவு வாழ்வு? பகைவரால் உற்றாருக்குத் தீங்கு நேராதிருக்க வேண்டும் என்பது முதற்காரணம். ஆபத்துப் பற்றிய செய்தி விரைந்து வந்து சேரும் இடம் செய்தி அலுவலகம் என்பது மற்றொன்று. இவற்றினும் ஆழமான பயனும் உண்டு. வாடகை கொடுக்கவும், ஏளனத்தைப் பொறுக்கவும் கற்றவனுக்கே எளியோரின் துன்பம் புரியும்.

உங்களுள் பலருக்கு வீட்டில் ஒரு பெயர், பள்ளியில் ஒரு பெயர். வீட்டில் தமிழ், வெளியில் வேறு மொழி. கிளார்க் தன் இரு பெயர்களுள் எதனையும் துறக்கவில்லை. ஆனால், ஒன்றை அவன் மறைத்தே வாழ நேர்ந்தது. உங்களுக்கு அந்தத் தேவை இல்லை. இரண்டையும் உரக்கச் சொல்லலாம்.

சொற்பொருள்
குடிபெயர்தல் – வேறிடம் சென்று வாழ்தல்
பொருட்படுத்துதல் – மதித்தல்
தூற்றுதல் – பழித்தல்
உற்றார் – உறவினர்

வினாக்கள்
1. கிளார்க் கென்டுக்குப் பெற்றோர் இட்ட பெயர் யாது?
2. பீட்டர் பார்க்கர் வீட்டுச் செலவுக்குப் பணம் ஈட்டியது எவ்வாறு?
3. உங்கள் வீட்டுப் பெயரின் கதையைப் பெற்றோரிடம் கேட்டு ஐந்து வரிகளில் எழுதுக.