தேர் திரும்பும் வீதிகள்

இத்தாலி நாட்டின் பழைய நகரங்களிலே ஊர் நடுவில் ஒரு திறந்த சதுக்கம் இருக்கும். அதனைப் 'பியாட்சா' என்பர். ஊரார் வாங்குவதும் விற்பதும், கூடுவதும் கலைவதும் அங்கேதான். நம் கோயில் நகரங்களில் அப்பணியைச் செய்பவை தேர் வீதிகள். குமராட்சியில் வாழும் எனக்கு அண்மையிலுள்ள சிதம்பரத்தையே எடுத்துக்கொள்வோம். நடுவே நடராசர் கோயில். அதைச் சூழக் கீழவீதி, தெற்கு வீதி, மேலவீதி, வடக்கு வீதி. இத்தாலியில் நடுவிடம் வெளி. இங்கே நடுவிடம் கோயில், வெளி அதன் நாற்புறமும்.

விடியற்காலையில் கீழவீதிக்குச் சென்று பாருங்கள், மாணவர்களே. வாசல் தெளித்துக் கோலமிடுவோர் ஒருபுறம்; பூத்தொடுத்து விற்போர் ஒருபுறம். காட்டுமன்னார்கோயில் சாலையில் வரும் பேருந்துகளிலிருந்து நம் பக்கத்துப் பெண்கள் கீரைக்கட்டுடனும் கத்தரிக்காய்க் கூடையுடனும் இறங்குவர். அக்கத்தரிக்காய் சிறிது நேரத்தில் உணவு விடுதியில் கொத்சு ஆகிவிடும்; அதன் சுவையைச் சொல்லப் புகுந்தால் என் நேரம் போதாது! பின்னர் 1929-இல் தோன்றிய அண்ணாமலைப் பல்கலைக்கழகத்து மாணவர்களும், வெளியூர் அடியார்களும், ஆட்டோக்களும் கலந்து வீதி நிறைந்துவிடும்.

இத்தனை பேருக்கும் இடந்தரும் அகலம் எப்படி வந்தது? தேரால் வந்தது. ஆனியிலும் மார்கழியிலுமாக ஆண்டுக்கு இருமுறை விநாயகர், சுப்பிரமணியர், நடராசர், சிவகாமசுந்தரி, சண்டிகேசுவரர் ஆகிய ஐவரின் தேர்களும் இவ்வீதிகளில் வலம் வருகின்றன. நேர்வீதியில் தேர் எளிதாக ஓடும். மூலையிலே திரும்புவதுதான் அருமை. சக்கரத்தின் அடியில் கட்டையைக் கொடுத்து, சிறிது சிறிதாகத் திசை மாற்றவேண்டும். 'முட்டுக்கட்டை போடுகிறான்' என்று நாம் பழிக்கும் அக்கட்டை இன்றேல் தேர் திரும்பாது! ஆதலின் தேரோடும் வீதியில் கடையை முன்தள்ளிக் கட்ட இயலாது. தேர் ஓடாது நின்றுபோன ஊரில், தெரு ஆண்டுக்கொரு சாணாகக் குறுகுவதை நான் கண்டதுண்டு.

சியெனா நகரத்தாரும் இதனை உணர்ந்திருந்தனர். அங்குள்ள 'கம்போ' சதுக்கத்தை நோக்கிய வீடுகளின் சன்னல்கள் எவ்வாறு அமையவேண்டும் என்று 1297-லேயே விதி வகுத்தனர். அச்சதுக்கத்தில் மண் பரப்பி, ஆண்டுக்கு இருமுறை, சூலை 2-இலும் ஆகஸ்டு 16-இலும், 'பாலியோ' குதிரைப் பந்தயம் நடத்துகின்றனர். நகரின் 17 பேட்டைகளில் 10 பேட்டைகளின் குதிரைகள் ஒரு பந்தயத்தில் ஓடும்.

ஆனால் அகலமான வீதி எல்லார்க்கும் உரிய வீதியாகிவிடாது. தில்லைக்கு வந்த நந்தனார் உள்ளே புக அஞ்சி, ஊரின் எல்லையையே சுற்றிச் சுற்றி வந்தார் என்று பெரியபுராணம் கூறுகிறது. அவர் பெயராலேயே சுவாமி சகஜானந்தர் 1916-இல் இவ்வூரில் ஒடுக்கப்பட்ட மக்களின் பிள்ளைகளுக்குக் கல்விக்கூடம் தொடங்கினார். 1950-இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 15-ஆம் பிரிவு, கடை, உணவு விடுதி, கிணறு, குளம் இவற்றோடு சாலையையும் பெயர் சொல்லிக் குறித்து, சாதி காரணமாக எவரையும் தடுக்கலாகாது என்கிறது. சாலையைக் கூடவா சட்டத்தில் எழுதவேண்டும் என்று ஒரு மாணவன் என்னை வகுப்பில் வினவினான். நந்தனார் கதையைப் படித்து வரச் சொன்னேன்.

தேர் நிலைக்கு வந்த மறுநாள் காலை கீழவீதியில் சக்கரத் தடம் தெரியும். அத்தடத்தின்மேலே சாக்கை விரித்துக் கீரைக்காரர்கள் அமர்ந்துவிடுவார்கள்.