பழைய நீர்வண்ணப் பெட்டிகள்

சேகரிப்போர் தேடும் பழைய நீர்வண்ணப் பெட்டிகளில் பல, 18ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் 19ஆம் நூற்றாண்டிலும் லண்டனில் செய்யப்பட்டவை. அதற்கு முன் ஓவியர்கள் பெரும்பாலும் நிறப்பொடியைத் தாங்களே கோந்து நீரில் குழைத்துக்கொண்டார்கள். வில்லியம் ரீவ்ஸ், தாமஸ் ரீவ்ஸ் சகோதரர்கள் அந்தக் கலவையைக் கெட்டியான வில்லைகளாக அச்சில் வார்த்து விற்றனர். 1781இல் லண்டன் கலைச் சங்கம் இதற்காக வெள்ளி வண்ணத்தட்டு ஒன்றைப் பரிசளித்தது.

உயர்ரகப் பெட்டி மகோகனி மரத்தால் ஆனது. மேல்தட்டில் வில்லைகளும் தூரிகைகளும் இருக்கும். கீழே உள்ள இழுப்பறையில் நீர்க்கிண்ணமும் பீங்கான் தட்டுகளும் இருக்கும். வில்லையைத் தண்ணீர் தொட்டுத் தட்டில் தேய்த்தால்தான் நிறம் வரும். வின்சர் அண்ட் நியூட்டன் நிறுவனம் 1835இல் கிளிசரின் சேர்த்த ஈரவண்ணங்களைக் கொண்டுவந்தது. ஈரத் தூரிகை பட்டதுமே அவை கரைந்தன. வெளியில் உட்கார்ந்து வரைவோருக்குக் கறுப்பு மெருகிட்ட சிறு தகரப் பெட்டிகள் வசதியாக அமைந்தன.

பெட்டியின் வயதைக் கணிப்பதுதான் இந்தச் சேகரிப்பின் சுவையான பகுதி. மூடியின் உட்புறத் தாளில் கடை முகவரி இருக்கும். கடை இடம் மாறிய ஆண்டுகள் தெரிந்தால் காலம் பிடிபடும். வின்சர் அண்ட் நியூட்டன் பெயருடன் ‘லிமிடெட்’ என்றிருந்தால் பெட்டி 1882க்கு முற்பட்டதல்ல. நிறங்களும் சாட்சி சொல்லும். துத்தநாகத்தாலான ‘சைனீஸ் ஒயிட்’ 1834இல் விற்பனைக்கு வந்தது. ஆனால் தீர்ந்த வில்லைக்குப் பதில் புதியது வைக்கும் வழக்கம் இருந்ததால், ஒரே ஒரு வில்லையை வைத்து முடிவுகட்டக் கூடாது. மாவிலை தின்ற பசுக்களின் சிறுநீரிலிருந்து பீகாரின் முங்கேர் பகுதியில் எடுக்கப்பட்ட இந்திய மஞ்சளும் சில பெட்டிகளில் உண்டு. புற ஊதா ஒளியில் அது பிரகாசமாக ஒளிரும்.

மேலே பதித்த முத்திரை எழுத்து தேயாத வில்லைக்கே மதிப்பு அதிகம். நிறத்தைச் சோதிக்க ஒருமுறை நனைத்தாலும் எழுத்து மங்கிவிடும். கழுவித் துலக்குவது அதைவிடப் பெரிய சேதம். மிக வறண்ட இடத்தில் வில்லை வெடிக்கும். ஈரத்தில் பூஞ்சை பிடிக்கும்.

கையாளும்போது கவனம் வேண்டும். மரகதப் பச்சையில் செம்பும் ஆர்செனிக்கும் உள்ளன. அரிதாரத்திலும் ஆர்செனிக் உண்டு. சாதிலிங்கச் சிவப்பு பாதரசச் சேர்மம். உதிர்ந்த பொடியை ஊதக் கூடாது, பழைய தூரிகையை வாயில் வைக்கக் கூடாது. தொட்டபின் கைகழுவ வேண்டும். குழந்தைகளுக்கு எட்டாத, கண்ணாடிக் கதவிட்ட அலமாரியே இவற்றுக்கு ஏற்ற இடம்.