தசை வளர்க்கும் மருந்துகள்

1976 ஆம் ஆண்டு மொன்றியல் நகரிலே நடைபெற்ற ஒலிம்பிக் விழாவில், மகளிருக்கான நீச்சற் போட்டிகள் 13 இடம்பெற்றன. அவற்றுள் 11 இல் தங்கப் பதக்கம் பெற்றவர்கள் கிழக்கு ஜேர்மனிப் பெண்கள். சிறிய நாடொன்றின் இவ்வெற்றியை உலகம் வியந்து நோக்கியது. அப்பெண்களின் குரல் ஆடவர் குரல்போலத் தடித்திருந்ததை எதிரணியினர் கவனியாமல் இல்லை. எனினும், தோற்றவர்களின் பொறாமை என்று அப்பேச்சு ஒதுக்கப்பட்டது.

குரலைத் தடிக்கச் செய்தது ஒரு சிறிய நீலக் குளிசை. ஓரல் துரினபோல் என்பது அதன் பெயர். அனபோலிக் ஸ்டீரொயிட்டு என மருத்துவர் வழங்கும் மருந்தினத்தைச் சேர்ந்தது அது. ஆணின் விதைகள் சுரக்கும் தெஸ்தெஸ்தரோன் என்னும் ஓமோனே இவ்வினத்துக்கெல்லாம் மூலம். 1935 ஆம் ஆண்டிலே அதனை ஆய்வுகூடத்தில் ஆக்கும் வழியைக் கண்ட புற்றெனான்ட், ருசிக்கா என்னும் இரு அறிஞர்களும் 1939 ஆம் ஆண்டின் இரசாயன நோபெல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர். இவ்வோமோன் போதியளவு சுரவாதவர்க்கும், நோயினால் தசை தேய்ந்தோர் சிலருக்கும் மருத்துவர் இம்மருந்துகளை அளந்து கொடுப்பதுண்டு.

ஸ்டீரொயிட்டு என்ற சொல்லைக் கேட்டதும், ஆஸ்துமாவுக்குத் தரப்படும் பிரெட்னிசொலோனை எண்ணி அஞ்சுவோர் உளர். அது வேறினம், தசையை வளர்ப்பதன்று. வைத்தியரைக் கேளாது அதனைத் திடீரென நிறுத்துவதே ஆபத்து.

கிழக்கு ஜேர்மனியில் 1974 முதல் இது அரசின் இரகசியத் திட்டமாகவே நடந்தது. பருவமடையும் வயதுச் சிறுமியருக்குக்கூட விற்றமின் என்று கூறிக் குளிசைகள் கொடுக்கப்பட்டன. பேர்லின் மதில் வீழ்ந்தபின், எவருக்கு எத்தனை மில்லிகிராம் என்று எழுதிவைத்த ஏடுகளை வேர்னர் பிராங்கே என்னும் விஞ்ஞானியும் அவர் மனைவி பிரிகிற்றே பெரென்டொங்கும் வெளிக்கொணர்ந்தனர். 2000 ஆம் ஆண்டிலே விளையாட்டுத் துறைத் தலைவராயிருந்த எவால்டும், வைத்தியர் ஹொப்னரும் குற்றவாளிகளாகக் காணப்பட்டனர். ஒத்திவைக்கப்பட்ட சிறைத்தண்டனையே இருவருக்கும் கிடைத்தது.

பெண்ணுடலில் இம்மருந்து செய்வன பல. மாதவிடாய் குழம்பும், முகத்தில் உரோமம் அடரும், ஒருமுறை தடித்த குரல், மருந்தை விட்டபின்னும் பழைய நிலைக்குத் திரும்புவது அரிது. வளரும் பிள்ளைகளுக்கோ எலும்பு முனைகளிலுள்ள வளர்ச்சித் தட்டுகள் முன்கூட்டியே மூடிக்கொள்ள, உயரம் குன்றிவிடும்.

இன்று இம்மருந்தைப் பெரிதும் நாடுவோர் உடலழகை விரும்பும் இளைஞர். ஆரோக்கியமான ஆணின் உடல் நாளொன்றுக்குச் சுரப்பது 3 முதல் 10 மில்லிகிராம் வரையிலான தெஸ்தெஸ்தரோன். அவ்வளவையும் அளந்து ஆணையிடுவது மூளையின் அடியிலுள்ள கபச்சுரப்பி. களஞ்சியம் நிறைந்திருக்கக் கண்ட கமக்காரன் வயலுக்கு ஆளனுப்பாது விடுவதுபோல, வெளியிலிருந்து ஓமோன் வந்து நிறைந்ததும் கபச்சுரப்பி தன் ஆணையை நிறுத்திவிடுகின்றது. விதைகள் சுருங்குகின்றன, விந்தணுக்கள் குறைந்து, சிலருக்கு முற்றாக அற்றும் போகின்றன. மிகுந்த ஓமோனின் ஒரு பகுதி உடலிலே பெண் ஓமோனாக மாறுவதால், ஆண்மையைப் பெருக்க எண்ணியவனுக்கே மார்பு பெண்ணினதுபோற் பருப்பதும் உண்டு. வெளியே தோள் திரண்டிருப்பதால் உள்ளே நடப்பதை எவரும் ஐயுறுவதில்லை.

இருதயத்துக்கு வரும் கேடோ உயிரையே கொள்ளவல்லது. நன்மை செய்யும் கொலெஸ்திரோல் குறைந்து, தீமை செய்வது கூடுகின்றது. குருதியிற் செங்கலங்கள் பெருகி, அது தடித்து உறையும் இயல்பைப் பெறுகின்றது. இருதயத்தின் இடது அறைச் சுவரும் தடித்து, விரிந்து சுருங்கும் வலிமையை இழக்கின்றது. வாயால் உட்கொள்ளும் வகைகளுட் பல ஈரலையும் தாக்கி, அங்கே குருதி நிறைந்த பைகளையும் கட்டிகளையும் உண்டாக்கக்கூடும். ஒரே ஊசியைப் பலர் பயன்படுத்தினால் ஈரலழற்சிக் கிருமிகளும் பரவும்.

மருந்தை விட்டவுடன் உடல் பழைய நிலைக்கு வந்துவிடுவதில்லை. உறங்கிய சுரப்பிகள் விழிக்கச் சில மாதங்கள், சிலருக்கு ஓராண்டுக்கு மேலும் செல்லும். அவ்விடைக்காலத்திலே சோர்வும் ஆழ்ந்த மனத்துயரும் வந்து சூழ, தற்கொலை எண்ணம் தோன்றுவதும் உண்டு. அத்துயரைத் தாங்காது மீண்டும் ஊசியை நாடுவோர் பலர். ஆதலால் இதனைக் கைவிட எண்ணுபவர், தாம் உட்கொண்டது எது, எவ்வளவு, எத்தனை காலம் என்பவற்றை மறையாது வைத்தியரிடம் கூறி, அவர் கண்காணிப்பிலேயே விடுதல் வேண்டும்.